அளவான டர்போ: தினமும் ஓடுகிற காருக்கு அக்காவின் டிப்ஸ்

டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருந்து ஓர்ஹூசுக்கு வேலைக்கு ஓடுகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எந்த டர்போ போட்டால் கூடக் குதிரைவலு வரும்?" என்பதுதான். நான் முதலில் கேட்பது வேறு: காலையில் உங்கள் என்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது?

2016இல் சில்கபோர்க் பகுதியும் திறந்த பிறகு அந்தப் பாதை முழுவதும் மோட்டர்வே. ஆறாவது கியரில் ஒரே வேகத்தில் போகும்போது 2,000 சிசி பெற்றோல் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 முதல் 3,000 சுற்றில்தான் இருக்கும். வேக எல்லை ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், நாட்டுப்புற வீதியில் 80. மலை ஏறும் வேலையும் இல்லை. டென்மார்க்கின் உயர்ந்த இயற்கை மேடான மூலஹொய் 171 மீற்றர் கூட இல்லை. இங்கே கார் உண்மையில் இழுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. மோட்டர்வேயில் ஏறும் பாதையில் லொறிகளுக்கு நடுவே நுழையும்போது ஒன்று. 80 வீதியில் உழவு இயந்திரத்தை முந்தும்போது மற்றது. இரண்டுமே 2,000க்கும் 4,500க்கும் இடையில் நடக்கிற வேலை. 4,500க்குப் பிறகுதான் கண் விழிக்கிற டர்போவைப் போட்டால், காசு கொடுத்து உங்கள் அன்றாட ஓட்டத்தை மந்தமாக்கிக் கொள்கிறீர்கள்.

அதனால் என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓடுகிற காருக்கு, அதே என்ஜின் குடும்பத்தில் கம்பனியே அடுத்த படிக்குப் போட்ட டர்போதான் சரி. ஒரு படி போதும்.

ஏன் ஒரு படி

டர்போவில் ஒரே தண்டின் இரண்டு முனைகளிலும் இரண்டு சில்லுகள். புகை ஒரு சில்லைச் சுற்ற, மற்றது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்றுக்கு மேலும் போகும். புகைப் பக்கத்துக் கூட்டின் வாய் சிறிதாக இருந்தால் கொஞ்சப் புகையிலேயே சில்லு வேகம் பிடிக்கும். அடுப்பு ஊதும் குழலின் துவாரம் சிறிதாக இருந்தால் காற்று விசையோடு போகும் அல்லவா, அதுபோல. வாய் பெரிதானால் மேல் சுற்றில் மூச்சு முட்டாது, ஆனால் கீழ் சுற்றில் சோம்பல். பெட்டியில் ஏ/ஆர் என்று போட்டிருக்கும் எண் இதைத்தான் காட்டுகிறது: எண் குறைந்தால் கெதியாக எழும்பும், கூடினால் பிந்தி எழும்பும்.

காற்றுக் கணக்கும் கடினமில்லை. பெற்றோல் என்ஜினுக்கு 100 குதிரைவலு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ காற்று வேண்டும். 220இல் இருந்து 280க்குப் போக விரும்பினால் பத்துக் கிலோவில் இருந்து பன்னிரண்டரைக் கிலோவுக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். தயாரிப்பாளர் தரும் கம்பிரசர் வரைபடத்தில் அந்த அளவு நடுப்பகுதிக்குள் விழ வேண்டும். இடது ஓரத்தில் விழுந்தால் டர்போ பெரிது; காற்று பின்வாங்கித் தண்டை உலுக்கும். வலது ஓரத்தில் விழுந்தால் சிறிது. காற்றை விடச் சூட்டைத்தான் கூடத் தள்ளும். "450 வரை தாங்கும்" என்று விற்பவர் சொல்வதை நம்பி 280 கேட்கிற காருக்கு வாங்காதீர்கள். அந்த 450 உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை, அதன் சோம்பல் மட்டும் கிடைக்கும்.

முதல் தலைமுறை அவுடி டிடியைப் பாருங்கள். 1.8 லீற்றர் என்ஜின், 180 குதிரைவலுக் காருக்குக் கே03 டர்போ, 225 காருக்குக் கே04. பழைய டிடி வாங்கிய பிள்ளைகள் இந்த மாற்றத்தைத்தான் நினைப்பார்கள், நினைப்பதும் சரி. ஆனால் அந்த 45 குதிரைவலுவுக்காகக் கம்பனி என்ன செய்தது என்று கவனியுங்கள். டர்போவோடு இன்ஜெக்டரைப் பெரிதாக்கியது. 180 காரில் ஒன்றாக இருந்த இன்டர்கூலரை இரண்டாக்கியது. புகை வெளியேறும் மேனிஃபோல்டையும் மாற்றியது. இத்தனை பொறியியலாளர் இருந்தும் அவர்கள் டர்போவை மட்டும் தனியாகத் தூக்கிப் போடவில்லை. கே03 இருந்த இடத்திலேயே பூட்டக்கூடிய கே04 வகை ஒன்றும் கிடைக்கும். வேலை இலகு, ஆனால் ஆதாயமும் சிறிது. 225 காரின் கே04 வேண்டுமென்றால் சுற்றியுள்ள சாமான்களும் சேர்ந்தே வரவேண்டும். பாதிச் சாமானோடு தொடங்க வேண்டாம்.

ஏழாவது தலைமுறை கொல்ஃப் ஜிடிஐ வைத்திருப்பவர்களுக்கு விஷயம் இன்னும் வசதி. அதில் ஐஎச்ஐ கம்பனியின் ஐஎஸ்20, கொல்ஃப் ஆரில் அதே கம்பனியின் ஐஎஸ்38. ஒன்று 220 குதிரைவலு, மற்றது 300. ஐஎஸ்38 சில நூறு சுற்றுகள் பிந்தித்தான் முழு மூச்சுக்கு வரும். அந்தப் பிந்தல் பிடிக்குமா என்று பார்க்க, யாருடையதாவது கொல்ஃப் ஆரில் ஒருமுறை இருந்து ஓடிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஐஎஸ்20ஐயே வைத்துக்கொண்டு மப்பிங் (என்ஜின் கணினியின் அமைப்பை மாற்றுவது) மட்டும் செய்வது நல்லது. உண்மையில் பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

கியர்பெட்டியை மறக்காதீர்கள். ஃபோல்க்ஸ்வாகனின் உலர் கிளச் டிஎஸ்ஜி டிகியூ200 தாங்குவது 250 நியூட்டன்மீற்றர். ஈரக் கிளச் டிகியூ250 தொடக்கத்தில் 350க்கு வடிவமைத்தது. சின்ன டர்போ கீழ்ச் சுற்றிலேயே முறுக்குவலுவைக் கொட்டும். முதலில் அடி விழுவது இங்கேதான். மப்பிங் செய்பவரிடம் குதிரைவலுவைக் கேட்பதை விட, எந்தச் சுற்றில் எத்தனை நியூட்டன்மீற்றர் என்று கேளுங்கள். கீழே கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லலாம். நல்லவர்கள் செய்து தருவார்கள்.

டர்போவுக்கு முன் காசு போகவேண்டிய இடங்கள்

முதலில் என்ஜினின் அழுத்தச் சோதனையும் காற்றுக் கசிவுச் சோதனையும். கிழிந்த ஒரு ரப்பர் குழாயால் காணாமல் போன வலுவைத் தேடிப் பலர் டர்போ வாங்குகிறார்கள். பிறகு இன்டர்கூலர், பிறேக், ரயர். கூடுதல் வலுவை நிறுத்தப்போவது பிறேக்தான், அதில் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இந்த நாட்டுக் குளிர்காலம் வீதிக்கு உப்புக் கொட்டும். பத்து வருடக் காரின் மேனிஃபோல்ட் போல்ட்டுகள் துருப்பிடித்துப் பிடித்திருக்கும், கழற்றும்போது முறியும். புதுப் போல்ட், புதுக் காஸ்கெட், எண்ணெய் வரும் குழாய், திரும்பும் குழாய் எல்லாவற்றையும் டர்போவோடு சேர்த்தே வாங்கி வையுங்கள். பழைய டர்போ உடைந்துதான் புதிது போடுகிறீர்கள் என்றால், இன்டர்கூலருக்குள்ளும் எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் உலோகத் துகள் கிடக்கும். கழுவாமல் பூட்டினால் புதிதும் அதே வழியில் போகும். பூட்டியபின் உடனே ஸ்டார்ட் செய்யாமல், எரிபொருளை நிறுத்தி என்ஜினைச் சுற்றவிட்டு, எண்ணெய் தண்டுவரை வந்ததை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

பாவித்த டர்போ வாங்கினால் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சாதாரண பேரிங்கில் பக்கவாட்டு ஆட்டம் மிகக் கொஞ்சம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுபடவே கூடாது. சில்லின் விளிம்பில் கீறலோ ஒடிவோ இருந்தால் விலையே பேசவேண்டாம். பெயர்பெற்ற கம்பனியின் டர்போவைப் பார்த்துச் செய்த போலிகள் இணையத்தில் நிறைய. விலை நம்ப முடியாமல் இருந்தால் நம்பாதீர்கள்.

மப்பிங் உங்கள் காரை ரோலர் மேல் ஏற்றி, நீங்கள் தினமும் அடிக்கிற பெற்றோலோடு நடக்கவேண்டும். இங்கே எல்லாப் பம்பிலும் கிடைப்பது 95. உயர்ந்த ஒக்டேனுக்கு அமைத்துவிட்டு, மாதக் கடைசியில் 95 அடித்தால் என்ஜினுக்குள் தட்டல் வரும். 95க்கே அமைக்கச் சொல்லுங்கள். கட்டலிசேற்றரைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜை விட்டு வெளியே வாருங்கள்.

சட்டமும் காகிதமும்

கார் நான்கு வயதானதும் முதல் சூன் (கட்டாய வாகனப் பரிசோதனை), பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. என்ஜின் வலுவைக் கூட்டுவது அதற்குள் அடங்காத தனி விஷயம். சூன் நிலையத்தில் காட்டி ஒப்புதல் எடுக்கவேண்டியது. என்ன ஆவணம் வேண்டும் என்று சாமான் வாங்க முதலே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். இன்சூரன்சுக்கும் அதே மாதிரி எழுதுங்கள். வலுவைக் கூட்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தால், விபத்தன்று உங்கள் கஸ்கோ (சொந்தக் காரின் சேதத்துக்கான காப்புறுதி) கேள்விக்குறியாகும்.

பிரித்தானியக் கடைகளில் விலை மலிவாகத் தெரியும். அவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால், 2021 முதல் அங்கிருந்து வரும் பார்சலுக்கு இங்கே 25 வீதம் மொம்ஸ் வரி கட்டவேண்டும். சுங்கமும் கையாளும் கட்டணமும் அதன்மேல் வரலாம். ஜெர்மன் கடையோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

வேகத்தைப் பற்றிய சட்டத்தை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். 2021 மார்ச் 31 முதல், மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடினாலோ, 100க்கு மேற்பட்ட வேகத்தில் எல்லையைப் போல் இரு மடங்கைத் தாண்டினாலோ, பொலிஸ் காரையே பறிமுதல் செய்யும். 80 வீதியில் 161 என்றால் கார் போய்விடும். கார் யாருடையது என்பதும் தடையில்லை. எங்கள் வீடுகளில் இன்சூரன்ஸ் குறையும் என்று காரை அப்பாவின் பெயரில் வைத்திருப்போம். இருபது வருடம் தொழிற்சாலையில் நின்று உழைத்த மனிதரின் சொத்து ஒரு நிமிட ஆசையில் அரசாங்கத்துக்குப் போகும். முழு வலுவையும் பார்க்க ஆசையா? சில்கபோர்க்குக்குப் பக்கத்தில் யூலன்ஸ்ரிங்கன் ஓட்டப்பாதை இருக்கிறது, தெற்கே படபோர்க் பார்க் இருக்கிறது. காசு கட்டி அங்கே ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. இணையத்தில் வாங்கிய சாமானைத் திருப்பி அனுப்ப 14 நாள் உரிமை உங்களுக்கு உண்டு. காரில் பூட்டிவிட்டால் முழுக் காசும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். சூன் நிலையத்தின் பதிலும் இன்சூரன்சின் பதிலும் கைக்கு வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள்.