செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: எங்களுடையது பழைய பெட்ரோல் கார். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடும். நெடுந்தூரம் போய், வழியில் சாப்பிட நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா சார்?

— வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. பேட்டரியையே மாற்றியிருக்க வேண்டாம். வண்டியிலேயே அதிகக் கரண்ட் இழுப்பது செல்ஃப் மோட்டார்தான். அது வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதென்றால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே பெரிய தடயம் இருக்கிறது: சூட்டில் மக்கர், ஆறினால் சரி. டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் ஆறினாலும் கிளம்பாது. என் சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் மேல்தான் போகிறது.

விரல் அளவே இருக்கும் சின்னப் பொருள் அது. இன்ஜினோடு சுற்றும் பல்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லும் கடப்பதை இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் அதற்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். வயதாகிக் கம்பி விட்டுப்போனால், சூட்டில் தொடர்பு அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் வராவிட்டால் இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஸ்பார்க் வராது, இன்ஜெக்டர் திறக்காது, பம்ப்பையும் அதுவே நிறுத்திவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பழியைப் பம்ப் மேல் போடுகிறார்கள்.

அடுத்த முறை மக்கர் செய்யும்போது ஆறும்வரை காத்திருந்துவிடாதீர்கள். கோளாறு கையில் சிக்குகிற நேரம் அதுதான். ஏசி, ரேடியோவை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரவேண்டும். வந்தால் பம்ப்புக்குக் கரண்ட் போகிறது, பம்ப்பும் சுற்றுகிறது. வராவிட்டாலும் நேரே பம்ப்புக்குப் போகவேண்டாம். ஃப்யூஸ், ரிலே இரண்டையும் முதலில் பாருங்கள்.

பிறகு செல்ஃப் அடித்தபடியே ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அது லேசாகத் துள்ளும். அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கிறது. எல்லா வண்டியிலும் முள் அப்படித் துள்ளாது என்பதால், உறுதிப்படுத்த ஸ்கேனர் வேண்டும்: செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் எத்தனை காட்டுகிறது என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யமென்றால் சென்சாருக்குப் போகும் வயரையும் கையோடு பார்த்துவிடட்டும். எலி கடித்த வயருக்காகப் புதுச் சென்சார் வாங்கியவர்கள் நிறையப் பேர். மீட்டரில் சாவிப் படம் விளக்கு மின்னினால் மட்டும் கதை வேறு. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஆர்பிஎம் ஒழுங்காகக் காட்டினால் இக்னிஷன் காயிலையும் பம்ப்பையும் சந்தேகிக்கலாம். அவையும் சூட்டில் படுத்துக்கொள்பவைதான். பம்ப்பைக் குளிர்விப்பதே டேங்கில் இருக்கும் பெட்ரோல். அதனால் கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கவேண்டாம். மோட்டார் சூடேறிக் கெடும். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவும் வேண்டாம். ஸ்பார்க் இல்லாததுதான் காரணமென்றால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். அதற்கு ஆகும் செலவுக்கு முன்னால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

கடைசியில் பம்ப்தான் என்று மெக்கானிக் சொன்னால், வண்டி மக்கர் செய்யும் நிலையிலேயே பிரஷர் கேஜ் மாட்டி, சாவியை ஆன் செய்து அளவைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் 3 பார் அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. அந்த அளவு வந்து நின்றால் பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள்.