கொல்லைப்புறத்துக் கரும்பறவை

பறவைகளை அறிய அடர்ந்த காட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டுக் கொல்லையும் ஒரு பாடசாலையே. உதகையில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு தட்டைக்கல் உண்டு. அதன்மேல் காலைதோறும் வாழைப்பழம், பப்பாளி இவற்றின் துண்டுகள் சிலவற்றை வைத்து, அங்கு வரும் கரும்பறவையை ஈராண்டுகளாகக் கவனித்தும் படமெடுத்தும் வருகிறேன். அதனால் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் ‘பிளாக்பேர்டு’ எனப்படும் இது காக்கையும் அன்று, கரிச்சானும் அன்று, பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ மைனாவின் அளவுடையது. செம்மஞ்சள் அலகும், கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும் இதன் அடையாளங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் தோட்டங்களிலும் வாழ்கிறது. இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு.

இதன் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்டன் என்ற மருத்துவர் 1839-இல் இதற்கு ‘டர்டஸ் சிமில்லிமஸ்’ என்று பெயரிட்டார். ‘சிமில்லிமஸ்’ என்றால் ‘மிகவும் ஒத்தது’ என்று பொருள். எதை ஒத்தது? ஐரோப்பியக் கரும்பறவையை. பின்னர் இரண்டும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. உருவ வேறுபாடுகளையும் மரபணு ஆய்வுகளையும் கொண்டு இன்று இது தனி இனமாக மதிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஆண்பறவை மைக்கறுப்பு. நம் மலைப்பறவையோ கருஞ்சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம்.

இவ்வேறுபாட்டைப் படத்தில் காட்டுவது எளிதன்று. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே காட்ட முயலும். கரிய பறவை படச்சட்டத்தை நிரப்பினால் அது வெளிறிவிடும். அப்போது ஒளியை ஒரு படி குறைக்க வேண்டும். வெண்மேகத்தின் முன் கிளையில் சிறிதாக அமர்ந்திருந்தாலோ வெறும் நிழலுருவாகிவிடும். அப்போது ஒளியைக் கூட்ட வேண்டும். வெயிலைவிட மேகமூட்டமே நல்லது. ஜன்னலுக்குள் அசையாமல் இருந்து எடுப்பது உத்தமம். ‘பிளாஷ்’ வேண்டாம், கூட்டை நெருங்கிப் படமெடுப்பது அறவே கூடாது.

இன்னொன்றும் கண்டேன். கல்லின்மேல் பழம் இருக்கும்போதே, இப்பறவை பல வேளைகளில் பக்கத்துச் சருகுக்குச் சென்றுவிடும். தத்தித் தத்தி நடக்கும், சட்டென நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், இலைகளை அலகால் புரட்டி மண்புழுவை இழுக்கும். நாம் வைக்கும் பழம் விருந்து; சருகே அதன் அன்றாட உணவுக்கூடம். கொல்லையைத் துப்புரவாகப் பெருக்கி, பூச்சிமருந்தும் தெளித்துவிட்டுத் தட்டில் பழம் வைப்பது, வயலை அழித்துவிட்டு உழவனுக்கு ஒருவேளைச் சோறு போடுவது போன்றதே. ஆகவே ஒரு மூலையிலாவது சருகை விட்டுவையுங்கள். உப்பிட்ட பண்டங்களை வைக்காதீர்கள். கல்லை நாள்தோறும் கழுவுங்கள். பூனை பதுங்கும் புதருக்கு அருகில் உணவு வைக்காதீர்கள்.

‘மிகவும் ஒத்தது’ என்பது வேறு. ‘அதுவே இது’ என்பது வேறு. நூலில் ஐரோப்பியப் பறவையின் படத்தைக் கண்டு நம் பறவையை அறிந்துவிட்டதாக எண்ணலாகாது. ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் இருந்தால் நம் கொல்லையே நமக்கு உண்மையைக் கற்பிக்கும். கேமரா இல்லாதவர்க்கும் கண்கள் உண்டல்லவா?