சிறு கடையின் இணையதளமும் ஈகையும்

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வாணிகமும் ஈகையும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியுமா என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். விற்பவர் இலாபத்தை நாடுவார். கொடுப்பவர் அதைப் பாராமல் கொடுப்பார். ஆயினும் இவ்விரண்டும் கைகோத்து நடந்ததுண்டு. 1949-ஆம் ஆண்டு யுனிசெஃப் நிறுவனம் தனது முதல் வாழ்த்து அட்டையை வெளியிட்டது. அதில் இருந்த படத்தை வரைந்தவள் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் ஏழு வயதுச் சிறுமி. போரினால் நலிந்த தன் ஊருக்கு உதவி வந்ததற்கு நன்றியாக அவள் அதைத் தீட்டினாள்; காகிதம் கிடைக்காத காலமாதலால் கண்ணாடியின்மேல் தீட்டினாளாம்! பின்னாளில் அத்தகைய அட்டைகள் விற்ற பணம் எத்தனையோ நாட்டுக் குழந்தைகளுக்கு உதவியது. 1982-இல் அமெரிக்கத் திரைப்பட நடிகர் பால் நியூமன் உணவுப்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றை நண்பருடன் தொடங்கி, அதன் இலாபம் முழுவதையும் அறப்பணிகளுக்கே ஒதுக்கினார்.

இன்று அப்படியொரு கடை வைக்கக் கடைத்தெருவில் இடம் பிடிக்க வேண்டியதில்லை. ஓர் இணையதளம் போதும். ஆனால் அந்த இணையதளம் எப்படி இருக்க வேண்டும்? அதில் ஈகைக்கு எங்கே இடம் தருவது? நம் மாநில மரமாகிய பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம். கடலோர ஊர் ஒன்றில் பத்துப் பெண்கள் சேர்ந்து பனையோலைப் பெட்டி பின்னி, இணையம் வழியாக விற்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த பனையேறிகளின் பிள்ளைகளைப் படிக்க வைக்க ஏதேனும் கொடுக்க வேண்டும் என்பது அவர்களது விருப்பம்.

முதலில் கடையைச் செம்மை செய்வோம். கடை ஓடினால்தானே கொடை ஓடும்? இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் எளிதாக 4 மெகாபைட் இருக்கும். அப்படிப் பத்துப் படங்களை ஒரே பக்கத்தில் வைத்தால் 40 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்று கணினிப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? ஆகவே அது 320 மெகாபிட். நொடிக்கு 4 மெகாபிட் மட்டுமே வரும் இடத்தில் அந்தப் பக்கம் முழுவதும் திறக்க 80 நொடி ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்? அதே படங்களைச் சுருக்கி ஒவ்வொன்றையும் 150 கிலோபைட் ஆக்கினால் மொத்தம் ஒன்றரை மெகாபைட். 3 நொடியில் பக்கம் வந்துவிடும். ஓலையின் நிறமும் பின்னலும் கண்ணுக்கு அப்படியே தெரியும். இதற்குச் செலவு ஒரு பைசாவும் இல்லை.

அடுத்து, படத்தைப் பார்க்க இயலாதவர்களையும் நினைக்க வேண்டும். பார்வையற்றோர் திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையால் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். 'என்.வி.டி.ஏ.' என்பது அவற்றுள் ஒன்று. 2006-இல் ஆஸ்திரேலியாவில், தாமே பார்வையற்றவரான இளைஞர் ஒருவர் தொடங்கிய இம்மென்பொருள், பார்வையற்ற நண்பர் ஒருவரும் சேர வளர்ந்தது. விலையின்றிக் கிடைக்கிறது; நன்கொடைகளும் அதைத் தாங்குகின்றன. ஈகையால் நடக்கும் அந்தக் கருவி நம் கடைப்பக்கத்துக்கு வந்து, படத்தின் பின்னால் ஒரு சொல்லும் இல்லாமல் ஊமையாய் நிற்கலாமா? 'மூடியுள்ள வட்டப் பெட்டி, சிவப்பும் பச்சையும் கலந்த பின்னல், ஒரு சாண் உயரம்' என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

பெட்டியின் அளவு, கூரியர் செலவு உட்பட மொத்த விலை, திருப்பி அனுப்பும் முறை, விற்பவரின் பெயர், முகவரி ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் அன்று. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் இவற்றைக் கேட்கின்றன. வாங்குபவர் குறை சொன்னால் 48 மணி நேரத்துக்குள் 'பெற்றுக்கொண்டோம்' என்று தெரிவிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

இனி ஈகைக்கு வருவோம். கடினமான பகுதி இதுதான் என்பது எங்கள் எண்ணம். 'விற்பனையில் பத்து சதவீதம் தருமத்துக்கு' என்று முகப்பில் எழுதிவிடத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போமே! பெட்டியின் விலை 300 ரூபாய். ஓலைக்கும் சாயத்துக்கும் 60, பின்னும் கூலி 130, அட்டைப்பெட்டி 20, கூரியர் 45, பணம் பெற்றுத் தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதமாக 6. ஆக 261 ரூபாய் போக மிச்சம் 39. இருபது பெட்டிகளில் ஒன்று வழியில் நசுங்கி, பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால், பத்தொன்பது பெட்டிகளின் மிச்சமான 741-இல் 261 கழிந்து 480 ரூபாய் நிற்கும். விற்பனையில் பத்து சதவீதம் என்றால் 570 கொடுக்க வேண்டும். அதாவது 90 ரூபாய் நட்டம்! அந்தத் தொண்ணூறு எங்கிருந்து வரும்? இன்றோ நாளையோ, பின்னுகிற அக்காமாரின் கூலியிலிருந்துதான் வரும். ஓர் ஏழைக்குக் கொடுக்க இன்னோர் ஏழையின் கையிலிருந்து எடுப்பதை ஈகை என்று எப்படிச் சொல்வது?

'இலாபத்தில் பத்து சதவீதம்' என்றால் 48 ரூபாய்தான் சேரும். இலாபம் எவ்வளவு என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் 'ஒரு பெட்டிக்கு 5 ரூபாய்' என்று சொல்வதே நேர்மை. பத்தொன்பது பெட்டிக்கு 95 ரூபாய் போகும். கடைக்கும் 385 ரூபாய் நிற்கும். பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அறநிறுவனத்தின் பெயரைச் சொல்லி விற்கும் வணிகர், அதற்கு எவ்வளவு போகும் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் தெளிவு தேவை. அமேசான் நிறுவனம் 2013-இல் 'ஸ்மைல்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, தகுதியான பொருள்களின் விலையில் அரை சதவீதத்தை வாங்குபவர் விரும்பும் அறநிறுவனத்துக்கு அளித்தது. 2023 பிப்ரவரியில் அதை மூடிவிட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணம் சிதறியதால் பயன் மிக மெலிந்துபோனது என்று காரணம் கூறியது. பெருங்கடைக்கே அப்படியென்றால் சிறுகடை ஒரே ஒரு நோக்கத்தைப் பற்றிக்கொள்வதே நலம்.

வாங்குபவரும் தம் பங்குக்குச் சேர்க்க விரும்பலாம். அவரிடம் எப்படிக் கேட்பது? விலை முழுவதையும் காட்டிய பிறகு, பணம் செலுத்துமுன், ஒரே முறை கேட்கலாம். '5 ரூபாய்', '10 ரூபாய்', 'இப்போது வேண்டாம்' என்னும் மூன்று பொத்தான்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கட்டும். கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைக்கக் கூடாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைத் தடை செய்தது. கேளாமலே கூடையில் நன்கொடையைச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. 'வேண்டாம்' என்பவரை வெட்கப்படுத்தும் சொற்களைப் பொத்தானில் எழுதுவது மற்றொன்று. பள்ளிக்கட்டணத்துக்காக எண்ணி எண்ணிச் செலவு செய்யும் ஒரு தாய், மகளுக்கு ஓலைப்பெட்டி வாங்க வந்திருக்கலாம். அவர் 'வேண்டாம்' என்று அழுத்தும்போது முகம் சுளிக்காத பக்கமே நல்ல பக்கம். தவிர, பிடுங்கிய பத்து ரூபாய் கொடையாகுமா?

அழும் குழந்தையின் படத்தைப் போட்டால் பணம் அதிகம் சேரும் என்பார் உண்டு. சேரலாம். ஆனால் அந்தக் குழந்தை நம் வகுப்புத் தோழியாக இருந்தால்? தன் வீட்டுத் துயரம் கடைப் பக்கத்தில் தொங்குவதை அவள் பார்க்க மாட்டாளா? பிள்ளைகளின் முகமும் பெயரும் வேண்டாம். 'இரண்டு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் பேருந்துச் செலவும்' என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். அப்படியானால் கடை தன் கொடையைப் பறைசாற்றலாமா என்று யாரேனும் வினவலாம். கொடுத்தவர் பெயரை மறைப்பது வேறு, பிறரிடம் வாங்கிய பணத்தின் கணக்கை மறைப்பது வேறு. பெயர்கள் மறைந்திருக்கட்டும், கணக்கு மட்டும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். கடையின் பணமும் வாங்குபவர் சேர்த்த பணமும் தனித்தனியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஊரார் கொடையைக் கடை தன் கொடையாகக் காட்டுகிறது என்ற பேச்சு வரும். இதற்கு நீண்ட அறிக்கை ஒன்றும் தேவையில்லை. மாதந்தோறும் இப்படி நான்கு வரி எழுதி, பற்றுச்சீட்டின் படத்தை அதன்கீழ் வைத்தால் போதும்:

'ஜூன் மாதம் விற்ற பெட்டிகள் 64. கடை கொடுத்தது 320 ரூபாய். வாங்கியவர்கள் சேர்த்தது 185 ரூபாய். மொத்தம் 505 ரூபாய், ஜூலை 5 அன்று ஒப்படைக்கப்பட்டது.'