சம்பளத் துண்டில் எழுத்து நெளிகிறதா?

மலைக்குப் போகும் பாதை தெரிகிறது. சம்பளத் துண்டின் நடு எழுத்து மட்டும் மறைகிறது. 50 வயதுக்கு மேல் இப்படியானால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். இது மேக்குலா நோயாக இருக்கலாம். அதைப் பற்றிக் கண் கிளினிக்கில் காதில் விழும் சொற்கள் இவை:

• விழித்திரை: கண்ணின் உட்புறம், பின்பக்கத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலம்.

• மேக்குலா: விழித்திரையின் நடுப்பகுதி, அகலம் சுமார் 5 மில்லிமீற்றர். வாசிப்பதும் முகம் அறிவதும் இதனால்தான்.

• ட்ரூசன்: மேக்குலாவுக்கு அடியில் சேரும் மஞ்சள் படிவு.

• உலர் வகை மேக்குலா நோய்: மேக்குலா மெதுவாகத் தேயும்.

• ஈர வகை மேக்குலா நோய்: புதிதாக முளைக்கும் இரத்தக்குழாய்கள் கசியும், பார்வை வேகமாகக் குறையும். கண்ணுக்குள் போடும் ஊசி இதற்குத்தான்.

• ஓசிடி: விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும், வலியில்லாத ஸ்கேன்.

• கண்புரை: வில்லை மங்குவது. இது வேறு நோய், ஒபரேஷனால் சரியாகும்.

வீட்டுச் சோதனை: பிள்ளையின் சதுரக் கோட்டுக் கொப்பியில் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். வாசிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஓர் அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியையே பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். கோடு நெளிந்தாலோ, சில கட்டங்கள் காணாமல் போனாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பீடி, சுருட்டு, சிகரெட்டை விடுங்கள். புகைத்தல் மேக்குலா நோயைக் கூட்டும்.

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையோ, அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஒரு நாள் பேர் போனாலும் போகட்டும், கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.