டபுள் டிராகன் ஆட உட்காரும் மருமகனுக்கு

கண்ணு, பரணிலிருந்த டி.வி. கேம் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேசட்டில் ‘டபுள் டிராகன் 2’ இருக்கிறதாமே! பாப்பிரெட்டிப்பட்டியில் அதை ஆடி வளர்ந்த எங்களுக்கெல்லாம் இப்போது தலை நரைத்துவிட்டது. அந்த உரிமையில் சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. செய்தவனை மதி. ஜப்பானில் டெக்னோஸ் என்ற கம்பெனி 1987-ல் முதல் டபுள் டிராகனைக் காசு போட்டு ஆடும் பெட்டியில் இறக்கியது. கூட்டம் மொய்க்கவே மறுவருஷமே இரண்டாம் பாகம் வந்தது. 1989-ல் அதை வீட்டு டி.வி.க்கு ஏற்ப மாற்றினார்கள். நம்மூருக்கு வந்ததெல்லாம் அதன் நகல்தான். டபுள் டிராகனை உருவாக்கிய யோஷிஹிசா கிஷிமோட்டோ பள்ளி நாளில் சண்டைக்காரப் பையன். தான் போட்ட சண்டைகளை வைத்தே 1986-ல் ‘குனியோ’ என்ற ஆட்டத்தைச் செய்தார். அடிதடியில் வீணாய்ப் போகாமல் அதையே தொழிலாக்கிக்கொண்ட மனுஷன்.

2. கேசட் ஓடவில்லையென்றால் வாயால் ஊதாதே. எச்சில் ஈரம் பட்டுக் கம்பி கறுத்துப்போகும். பஞ்சால் மெல்லத் துடை.

3. முதுகுப் பக்கமும் கவனி. இதில் ஒரு பட்டன் இடப்பக்கம் அடிக்கும், இன்னொன்று வலப்பக்கம் அடிக்கும். நீ எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாயோ அதைப் பொறுத்து அது குத்தாகும், அல்லது பின்னுதையாகும். புதிதாக ஆடுகிறவன் எதிரில் வருகிறவனையே முறைத்துக்கொண்டிருப்பான், பின்னால் வந்தவனிடம் வாங்குவான்.

4. சுலபமான நிலையில் தொடங்கு, வெட்கப்படாதே. ஆனால் அதோடு ஊர் முழுக்கப் பெருமை பேசாதே. சுலப நிலை மூன்றாம் கட்டத்தோடு முடித்து அனுப்பிவிடும். நடு நிலைக்கு எட்டு. ஒன்பதாம் கட்டம் கடின நிலைக்கு மட்டும்தான். மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் கடையில் ஒரு பையன், “நான் முடிச்சிட்டேன்” என்று மார்தட்டினான். “கடைசியில் வர்றவன் யாருடா?” என்று கடைக்காரர் கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

5. ஆத்திரத்தை அடக்கு. மூன்றாம் கட்டம் ஹெலிகாப்டருக்குள் நடக்கும். சண்டை நடக்கும்போதே பக்கவாட்டுக் கதவு திறக்கும், காற்று உன்னை இழுத்து வெளியே தள்ளும். எதிரியிடம் அடி வாங்கிச் செத்தவர்களைவிட, அவனைத் துரத்திக்கொண்டு கதவோரம் போய் விழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கதவு மூடும்வரை அடிக்கப் போகாமல் விலகி நில். இரண்டு அடி குறைந்தால் என்ன?

6. இழக்கப் பழகு. இதில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. சேர்வராயன் மலையில் மேகம் இறங்கினாலே நம்மூரில் கரண்ட் போகும், தெரியுமல்லவா? ஏழாம் கட்டத்தில் போனாலும் மறுபடி முதலிலிருந்துதான். அப்போது பெட்டியைத் தட்டாதே, வீட்டில் யாரிடமும் எரிந்து விழாதே. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடி.

7. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் பாகம் இந்த வகைப் பெட்டிக்கு வந்தபோது கதையை ஆட இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது, முறை வைத்துத்தான் ஆட வேண்டும். இரண்டாம் பாகம்தான் ஆட்டத்தின் நாயகர்களான அண்ணன் தம்பியை, பில்லியையும் ஜிம்மியையும், ஒரே திரையில் ஒன்றாக நிறுத்தியது. ஆனால் தொடங்கும்போதே ‘ஏ’ வேண்டுமா, ‘பி’ வேண்டுமா என்று கேட்கும். ‘ஏ’ என்றால் உன் அடி கூட்டாளி மேல் படாது. ‘பி’ என்றால் படும். என் பெரியப்பா மகன்கள் இருவர் ‘பி’யில் உட்கார்ந்தார்கள். பெரியவன் சுழற்றிய உதை தெரியாமல் சின்னவன் மேல் பட்டது. சின்னவன் தெரிந்தே திருப்பிக் கொடுத்தான். அப்புறம் எதிரிகளை யார் பார்த்தார்கள்? கையிலிருந்த ஒயரை இழுத்த இழுப்பில் பெட்டி ஸ்டாண்டிலிருந்து கீழே விழுந்தது. தைப்பொங்கல் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. உன் தம்பியும் சின்னப் பையன், கை தவறும். பட்டால் சிரித்துவிட்டு நகர்ந்து நில். அவனுக்குக் கை படியும்வரை ‘ஏ’யே போதும்.

8. எட்டாம் கட்டத்தில் உன்னைப் போலவே ஒரு நிழல் எதிரே வரும். உன் அடியெல்லாம் அதற்கும் தெரியும். அதுவரை எவனையும் துரத்தித் துரத்தி அடித்துப் பழகியவன் இங்கே திணறுவான். நீ போகாதே, அது வரட்டும். இருவர் ஆடினால் நிழலும் இரண்டு. ஒன்றை நீ எடுத்துக்கொள், மற்றதைத் தம்பியிடம் விடு. அவன் தோற்கிற மாதிரி இருந்தாலும் கன்ட்ரோலரைப் பிடுங்காதே.