வீட்டுத் திண்ணையும் வேலை இடம்தான்



முக்கூடல் பகுதிக் கூட்டங்களில் "என்ன வேலை?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன், வீட்ல பீடி சுத்துதேன்" என்கிறீர்கள். இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இதற்குப் பேர் சும்மாவா?

வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே 1966-ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம் சொன்னது. (2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது.) வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு பி.எஃப். எதற்கு என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கழிக்கிற அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறதே, அப்படியானால் அவரும் தொழிலாளிதான் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் பி.எஃப். சேருவது பாஸ் புத்தகத்தில் பேர் உள்ளவருக்குத்தான். நம் குழு அக்கா ஒருவர் 15 வருஷம் மாமியார் புத்தகத்தில் சுற்றினார். மாமியார் காலமான பிறகு, தான் சுற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷம் சொந்தப் பேரில் பணம் கட்டியிருக்க வேண்டும்.

மாமியாரோடு சண்டைக்கு நிற்கச் சொல்லவில்லை! அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தையும் ஆதாரையும் கொண்டு வாங்க. புத்தகம் யார் பேரில் இருக்கு, பி.எஃப். எண் இருக்கா, ரெண்டிலும் பேர் ஒண்ணா இருக்கான்னு சேர்ந்து பார்ப்போம்.