அட்டை இருந்தும் மாத்திரைக்குக் கைக்காசா?

கேள்வி: அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்குக் கைக்காசுதான் போகிறது. அட்டை எதற்கு?
- வாசகி, அரூர்

பதில்: அந்த அட்டை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் பெரிய சிகிச்சைகளுக்கானது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அன்றாட மாத்திரைக்கு அதில் இடமில்லை. ஏழை வீட்டைக் கரைப்பதோ இந்த மாதச் செலவுதான். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

ஆனால் அம்மா காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இலவசம். அங்கே பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார். வரவில்லையென்றால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள், தயங்காதீர்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் உதவும், உங்கள் பக்கத்தில் எந்தத் தனியார் மருத்துவமனை அட்டையை ஏற்கிறது என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.